அக்காவின் இடது கன்னம்

என் அக்காவின் வாயைப் பற்றி எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தெரியாதவர்கள் கிடையாது. காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் அவள் பேச ஆரம்பித்தால் கங்காணி மெதுவாக அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிடுவார். அந்த வாயிடம் திட்டு வாங்கியே வளர்ந்தவள் நான். ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. யார்தான் பார்க்கிறார்கள்? கூடப் பிறந்தவளுக்கு மூக்குத்தி எந்தப் பக்கம் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவோம். கன்னத்தின் உள்பக்கம் என்ன நிறம் என்று கேட்டால் முழிப்போம்.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணம் முடித்து ஹட்டன் டவுனுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். அக்கா இன்னும் நாங்கள் பிறந்த லயத்து வரிசை வீட்டிலேயே இருந்துகொண்டு மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்கிறாள். நான் படிக்க வேண்டும் என்பதற்காகத் தன் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் பேர் பதிந்தவள். அதைச் சொல்லிக் காட்டாத ஞாயிற்றுக்கிழமை எனக்கு வாய்த்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஆடி மாசத்தில் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியே மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. அக்கா ரொட்டி சுட்டு, மாசிச் சம்பல் இடித்து எனக்கு வைத்தாள். மிளகாயைக் கடலை மாதிரி கடிக்கிறவள், தன் ரொட்டியை வெறும் தேத்தண்ணியில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"என்னக்கா, சம்பல் தொட்டுக்கலையா?"

"வாயி எரியுது."

"எங்க, காட்டு."

"ஒனக்கு என்னத்தக் காட்டுறது? நீ பேசாம சாப்பிடு."

நான் விடவில்லை. என் குணம் அப்படி. யாருக்கு என்ன என்றாலும் நான்தான் கண்டுபிடிக்க வேண்டும், நான்தான் மருந்து சொல்ல வேண்டும். போனில் லைட்டைப் போட்டு அவள் தாடையைப் பிடித்துத் திறந்தேன். இடது கன்னத்தின் உள்ளே, கடைவாய்ப் பல்லுக்கு நேராக, கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளையாக ஒரு படை. பாலாடை ஒட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது. துணியால் துடைத்துப் பார்த்தேன். வரவில்லை.

"சுண்ணாம்பு சுட்டிருக்கு," என்றேன். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கொழுந்து பறிக்கிறவளுக்கு இரண்டு கையும் ஓயாது. வாய் மட்டும் சும்மா இருக்கிறது. காலையில் மலை ஏறும்போது வெத்திலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டு போயிலை எல்லாம் சேர்த்து ஒரு கன்னத்தில் அடக்கினால், பத்து மணித் தேத்தண்ணி வரைக்கும் அது அங்கேயே கிடக்கும். குளிருக்கு அதுதான் கம்பளி, பசிக்கு அதுதான் பலகாரம். காலில் அட்டை ஏறினால் அந்தச் சாற்றைத் துப்பித்தான் விழ வைப்பார்கள். ஒரு கன்னம் வெந்துபோனால் ஆஸ்பத்திரிக்கு யாரும் போவதில்லை. அடக்குவதை மற்றக் கன்னத்துக்கு மாற்றிவிடுவார்கள். வெந்த பக்கத்தில் நெய் தடவுவார்கள். அவ்வளவுதான் வைத்தியம்.

நான் படித்தவள் அல்லவா, அதனால் நெய்யோடு விட்டமின் குளிசையும் வாங்கிக் கொடுத்தேன். டீச்சர் சொல்லிவிட்டாள் என்று அக்காவும் வலது கன்னத்துக்கு மாற்றிக்கொண்டாள். ஆடி போய், ஆவணி போய், புரட்டாசியும் போனது. இதற்கிடையில் அவள் மகளுக்கு உடப்புசல்லாவைப் பக்கத்திலிருந்து நல்ல இடம் ஒன்று அமைந்தது. தையில் கல்யாணம் வைக்கலாம் என்று பேச்சு. கொழும்பில் கடையில் நிற்கிற அக்கா வீட்டுக்காரர், என் அத்தான், லீவு போட்டு வந்து, வழக்கம்போல வாயே திறக்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போனார். பேச வேண்டியதை எல்லாம் அக்கா பேசினாள். அந்தச் சந்தோஷத்தில் வெள்ளைப் படையை நாங்கள் இரண்டு பேருமே மறந்துபோனோம்.

ஐப்பசியில் பிள்ளைகளின் பல்லைப் பார்க்க எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பல் டொக்டர் வந்தார். சிங்களப் பெண், சின்ன வயது. இடைவேளையில் தேத்தண்ணி கொடுக்கும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். நாங்கள் சிங்களத்தில்தான் பேசினோம். அக்காவுக்குச் சுண்ணாம்பு சுட்டு வாய் ஆறவே மாட்டேன் என்கிறது, இதைவிட நல்ல விட்டமின் ஏதாவது இருக்கிறதா என்று.

"எத்தனை கிழமையா?" என்று கேட்டார்.

"கிழமையா? மூணு மாசம் தாண்டியிருக்கும்."

"வலி இருக்கா?"

"காரம் பட்டா எரியும். மத்தபடி வலியே இல்ல, டொக்டர்." இதை நான் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "சுண்ணாம்பு சுட்டா வலிக்கும். ரெண்டு கிழமையில ஆறியும் போயிரும். இது ஆறவும் இல்ல, வலிக்கவும் இல்ல. அதுதான் எனக்குப் பிடிக்கல, டீச்சர். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க."

பிறகு என் மூன்று விரல்களைச் சேர்த்து, ஒன்றன் மேல் ஒன்றாக நிமிர்த்தி, வாய்க்குள் வைக்கச் சொன்னார். எனக்குத் தாராளமாகப் போனது. அக்காவுக்குப் போகிறதா என்று பார்க்கச் சொன்னார். வருஷக்கணக்கில் பாக்கு மென்றால் கன்னம் உள்ளுக்குள்ளே இறுகிப்போகுமாம், வாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டே வருமாம். போயிலையோடு சேர்ந்தால் இன்னும் மோசமாம். மெல்லுகிறவளுக்கே அது தெரியாதாம்.

அன்றைக்கு மத்தியானப் பாடம் நடத்தவே முடியவில்லை. வலித்தால் ஆஸ்பத்திரி, வலிக்காவிட்டால் வேலை என்றுதான் எங்கள் சனம் இத்தனை தலைமுறையாகக் காலம் தள்ளுகிறது. வலிக்காமல் ஒன்று உள்ளே குடியேறி, சத்தமில்லாமல் வேர் விடும் என்றால் அதை எப்படித்தான் கண்டுபிடிப்பது? பயத்தைவிட வியப்புதான் அதிகமாக இருந்தது. என் அக்காவின் கன்னத்துக்குள், அவளுக்கே தெரியாமல், அவள் சத்தத்துக்கு நேர் எதிராக ஒன்று அமைதியாக இருக்கிறது என்று நினைக்கவே உடம்பு சிலிர்த்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே லயத்துக்குப் போனேன். அக்காவின் வாய்க்குள் இரண்டு விரல் போனது. மூன்றாவது போகவில்லை. அவள் சிரித்தாள்.

"என் வெரலு தடிப்பு. நீ சாக்பீஸ் புடிக்கிறவ, ஒன் வெரலு போகும்."

"அக்கா, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வா."

"தையில கல்யாணத்த வச்சிக்கிட்டு எவளாவது ஆஸ்பத்திரிக்குப் போவாளா? எதையாவது சொல்லி வயித்தக் கலக்கிருவாங்க. கல்யாணம் முடியட்டும், மறுநாளே வாறேன்."

நான் கத்தினேன். அவள் என்னைவிடப் பலமாகக் கத்தினாள். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கல்யாணப் பெண்தான், என் அக்கா மகள், கடைசியில் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். அப்பாவைப் போல அவளும் அதிகம் பேசாதவள். "அம்மா, நீங்க நாளைக்குப் போகலேன்னா நான் சீலை எடுக்க வரமாட்டேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அக்கா அடங்கிப்போனாள்.

ஆஸ்பத்திரியில் அதே டொக்டர்தான் இருந்தார். அவர் அக்காவின் வாயைப் பார்த்த விதத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. நேராக அந்தப் படைக்குப் போகவே இல்லை. முதலில் உதடுகளைப் புரட்டினார். வலது கன்னம், ஈறு, மேல் அண்ணம் என்று ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டு வந்தார். நாக்கை ஒரு சின்னத் துணியால் பிடித்து வெளியே இழுத்து இரண்டு ஓரத்தையும் பார்த்தார். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் பார்த்தார். தாடைக்குக் கீழே, கழுத்தின் இரண்டு பக்கமும் விரல்களை உருட்டினார். இவ்வளவுக்கும் ஐந்து நிமிஷம் ஆகவில்லை. ஒரு வாய்க்குள் பார்ப்பதற்கு இத்தனை இடம் இருக்கிறதா என்று மலைத்துப்போய் நின்றேன். சோறும் பேச்சும் போய்வருகிற வழி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

கடைசியில்தான் இடது கன்னத்துக்கு வந்தார். பார்த்துவிட்டு, அக்காவின் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து நீங்களே பாருங்கள் என்றார். அக்கா பார்த்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரலை உள்ளே விட்டாள்.

கொழுந்து பறிக்கிறவர்கள் கையைப் பார்த்துக்கொண்டு பறிப்பதில்லை. கண் அடுத்த செடியில் இருக்கும், வாய் பக்கத்து நிரைக்காரியோடு பேசிக்கொண்டிருக்கும். எது இளசு, எது முத்தல் என்பதை விரல் நுனியே பிரித்துவிடும். அந்த விரலால் அக்கா முதலில் நல்ல கன்னத்தைத் தொட்டாள். பிறகு கெட்ட கன்னத்தைத் தொட்டாள். மெதுவாக, ஓரம் ஓரமாக, சுற்றி வந்தாள்.

"டொக்டரம்மா என்ன சொன்னாங்கன்னு எனக்கு வெளங்கல," என்றாள் என்னைப் பார்த்து. "ஆனா இது முழுக்க ஒரே மாதிரி இல்லடி. இந்தப் பின் ஓரத்துல மட்டும் முத்தியிருக்கு. மத்த எடம் சும்மா தடிப்பாத்தான் இருக்கு."

நான் சிங்களத்தில் சொன்னேன். டொக்டர் மறுபடியும் தன் விரலை வைத்து, அக்கா சொன்ன அதே ஓரத்தை அழுத்திப் பார்த்தார். பரிசோதனைக்கு எடுக்கிற சின்னச் சதைத் துண்டை அந்த இடத்திலிருந்தும் எடுக்கச் சொல்வேன் என்றார். இத்தனை வருஷமாக அந்தக் கைகளைக் காய்ப்பு ஏறிய கைகள் என்று மட்டும்தான் நான் நினைத்திருந்தேன். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்து, அதில் ஒன்றைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். "என்னடி, கைய விடு, ஆளுங்க பாக்குறாங்க," என்று அக்கா இழுத்துக்கொண்டாள்.

கார்த்திகையில் முடிவு வந்தது. படையின் பெரும்பகுதி இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, ஆனால் ஆகிற வழியில் இருந்தது. அந்தப் பின் ஓரத்தில் மட்டும் ஆரம்பித்திருந்தது. மிகச் சின்ன ஆரம்பம். இப்போதே வெட்டி எடுத்தால் கன்னத்துக்குள் ஒரு தழும்போடு போகும், பிறகு ஒழுங்காக வந்து காட்டிக்கொண்டிருந்தால் போதும் என்றார்கள். தள்ளிப்போட்டால் தாடைக்குப் போகும், கழுத்துக்குப் போகும், அதற்குப் பிறகு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்கள். வெத்திலை, பாக்கு, போயிலை எல்லாவற்றுக்கும் அன்றோடு முழுக்கு. மார்கழியில் ஆப்பரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள்.

அங்கேதான் நான் இரண்டாவது தப்பைச் செய்தேன்.

கான்சர் என்ற சொல்லை எங்கள் ஆட்கள் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அது வந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்கப் பயப்படுகிறவர்கள் உண்டு. அந்த வீட்டில் பெண் எடுத்தால் பிள்ளைகளுக்கும் வரும் என்று பேசுகிறவர்களும் உண்டு. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் சம்பந்தம் முறிந்துபோகும் என்று நான் பயந்தேன். "பல்லுப் புடுங்கினதுல வீக்கம்னு சொல்லிக்குவோம் அக்கா. யாருக்கும் தெரிய வேணாம்," என்றேன். அவள் பதில் சொல்லாமல் இருந்ததை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உடப்புசல்லாவைக்கு நாள் பேசப் போனோம். அக்கா, அத்தான், நான், மூன்று பேர். நானுஓயா வரைக்கும் ரயில், அங்கிருந்து நுவரெலியாவுக்கு ஒரு பஸ், பிறகு இன்னொரு பஸ். வழியெல்லாம் அக்காவின் கை இடுப்புக்குப் போய் வெத்திலைப் பையைத் தேடியது. பை அங்கே இல்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போனது. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சம்பந்தி அம்மாவும் கொழுந்து பறிக்கிறவர்தான். ஆள் வாட்டசாட்டம். சிரித்தால் லயமே அதிரும், சிவந்த வாய். எங்களை உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்து, நாள் கணக்கெல்லாம் பேசி முடித்துவிட்டு, வெத்திலைத் தட்டைக் கொண்டுவந்து அக்காவின் முன்னால் நீட்டினார். தட்டிலிருந்து எடுத்து அங்கேயே மடித்து வாயில் போட்டால்தான் பேசிய பேச்சு உறுதி. எடுக்காவிட்டால் உறவு வேண்டாம் என்று அர்த்தம். இது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அக்கா தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அதைத் தரையில் வைத்துவிட்டாள்.

"சம்பந்தி, ஒங்க வெத்திலைய நான் மதிக்கிறேன். ஆனா என்னால வாயில போட முடியாது. எனக்கு வாயில கான்சர் ஆரம்பிச்சிருக்கு. மார்கழியில வெட்டப் போறாங்க. என் தங்கச்சி பல்லுன்னு சொல்லச் சொன்னா. பொய் சொல்லி என் புள்ளைய ஒங்க வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசில்ல. இந்தா பாருங்க." அவள் என் கையிலிருந்த போனைப் பிடுங்கி, லைட்டைப் போட்டு, அவர்கள் எல்லோருக்கும் முன்னால் வாயைத் திறந்தாள். "பாத்துட்டுச் சொல்லுங்க. பொண்ணு வேணும்னா எடுங்க, வேணாம்னா நாங்க கோவிச்சுக்க மாட்டோம்."

மாப்பிள்ளையின் அப்பா குனிந்து தரையைப் பார்த்தார். அத்தானின் முகம் வெளிறிப்போனது. எனக்கு வெட்கத்தில் காது சூடேறியது. வெட்கம் அவளால் வந்ததல்ல, என்னால் வந்தது. சம்பந்தம் முடிந்தது என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

சம்பந்தி அம்மா மட்டும் குனிந்து அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்து பின்பக்கமாகப் போனார். வாயில் அடக்கியிருந்ததைத் துப்புகிற சத்தம் கேட்டது. பைப்பில் தண்ணீர் பிடித்து மூன்று நான்கு தடவை கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து அக்காவுக்கு நேர் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த லைட்ட இங்கிட்டு அடிங்க சம்பந்தி."

வாயைத் திறந்து நாக்கை ஒரு பக்கமாகத் தள்ளினார். நாக்கின் வலது ஓரத்தில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு புண். அதன் விளிம்பு உயர்ந்து நின்றது.

"எட்டு மாசமா இருக்கு," என்றார். "ஒடஞ்ச பல்லு குத்துதுன்னு நெனச்சேன். ஆரம்பத்துல வலிக்கவே இல்ல. இப்பத்தான் காதுப் பக்கமா இழுக்குது. மகன் கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு யாருகிட்டயும் சொல்லல. ஒங்க காதுல விழுந்தா பொண்ணு குடுக்க மாட்டீங்கன்னு பயந்தேன்."

ஒரே கல்யாணத்துக்காக, இரண்டு மலைகளில், இரண்டு தாய்மார், ஒருவரிடமிருந்து ஒருவர் ஒரே நோயை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அக்கா அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தத் தட்டிலிருந்து இரண்டு பேரும் வெத்திலை எடுத்து, சிரித்துக்கொண்டே வாயில் போட்டிருப்பார்கள். நானும் கூட நின்று சந்தோஷப்பட்டிருப்பேன்.

அக்கா எழுந்து போய்ச் சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "கொஞ்சம் தொட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு அந்த ஓரத்தில் விரலை வைத்தாள். அவள் முகம் மாறியதை நான் மட்டும் கவனித்தேன். விரலை எடுத்தாள்.

"நாளைக்குப் பெரட்டுக்குப் போகாதீங்க சம்பந்தி," என்றாள். "நாங்க இன்னைக்கு இங்கதான் தங்குறோம். விடிஞ்சதும் என்னோட வாங்க."

மாப்பிள்ளையின் அப்பா அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். "கல்யாணத்த வைகாசிக்கு வச்சுக்கலாம்," என்றார். அத்தான் தலையாட்டாமல், வாயைத் திறந்து, "அதுதான் சரி," என்றார். கல்யாணப் பேச்சு தொடங்கியதிலிருந்து அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

அக்காவின் ஆப்பரேஷன் சொன்ன நாளில் நடந்தது. கன்னம் வீங்கி, கஞ்சித் தண்ணியைக் குழாய் போட்டு உறிஞ்சிக்கொண்டு, சில நாளில் வீட்டுக்கு வந்துவிட்டாள். மயக்கம் தெளிந்து அவள் என்னிடம் குழறிக் குழறிக் கேட்ட முதல் கேள்வி, "சம்பந்திக்கு என்னைக்கு?" என்பதுதான்.

சம்பந்தி அம்மாவுக்குத் தையில் நடந்தது. அவருடையது அவ்வளவு லேசாகப் போகவில்லை. நாக்கில் ஒரு பகுதியை எடுத்தார்கள். கழுத்தைத் திறந்து அங்கே போயிருந்ததையும் எடுத்தார்கள். பிறகு தூரத்து ஆஸ்பத்திரியில் தங்கி, கிழமைக்கணக்கில் கதிர் வைத்தியம் செய்தார்கள். தொண்டை புண்ணாகி எச்சில்கூட விழுங்க முடியாமல் கிடந்தார். வாட்டசாட்டமான மனுஷி பாதியாகிப்போனார். வலிக்காமல் இருந்த ஆரம்ப மாசங்களில் வந்திருந்தால் அக்காவைப் போலவே வீட்டுக்குப் போயிருக்கலாம் என்று அங்கே ஒரு டொக்டர் சொன்னாராம். இரண்டு பேருக்கும் நோய் ஒன்றுதான், பாக்கும் போயிலையும் ஒன்றுதான். நடுவில் இருந்தது சில மாசங்கள் மட்டும். அந்தச் சில மாசத்துக்கு இவ்வளவு பெரிய விலை என்று தெரிந்தபோது, விட்டமின் குளிசை கொடுத்து அக்காவை மூன்று மாசம் நிறுத்தி வைத்த என் கெட்டித்தனத்தை நினைத்து என்னையே திட்டிக்கொண்டேன். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

அக்கா மறுபடியும் மலைக்குப் போகத் தொடங்கினாள். பத்து மணித் தேத்தண்ணிக்கு எல்லோரும் உட்காரும்போது ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, "வாயத் தெற, லைட் அடிக்கிறேன்," என்பாள். திட்டினார்கள். ஒருத்தி இவளுக்குப் பைத்தியம் என்றாள். ஒரு மாசத்தில் அவர்களே வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். ஆறாத புண்ணோ, வெள்ளையோ சிவப்போ எது கண்ணில் பட்டாலும் அக்கா என்ன நோய் என்று சொல்வதில்லை. "எனக்குப் பாக்கத்தான் தெரியும், சொல்லத் தெரியாது. டொக்டர்கிட்டப் போ," என்பாள். போகாவிட்டால் பெரட்டில் வைத்து மானத்தை வாங்கிவிடுவாள். என்னைப் போல விட்டமின் எழுதிக் கொடுப்பதில்லை.

வைகாசியில், கல்யாணத்துக்கு முன்னால், பரிசம் போட மாப்பிள்ளை வீட்டார் எங்கள் லயத்துக்கு வந்தார்கள். கோயிலுக்கு முன்னால் படங்குத் துணி கட்டி, பாய் விரித்து, சபை கூடியிருந்தது. வெத்திலைத் தட்டு நடுவில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர், "பரிசம் உங்களுக்கு, பொண்ணு எங்களுக்கு," என்று சபை கேட்க மூன்று தடவை சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம். அதைச் சொல்வது எப்போதும் ஆம்பளைகள்தான். அன்றைக்குச் சம்பந்தி அம்மா கழுத்துத் தழும்பை மறைத்திருந்த முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். தானே சொல்லப்போவதாகக் கையால் சைகை காட்டினார். அவர் வீட்டுக்காரர் ஒதுங்கி வழிவிட்டார்.

முதல் தடவை சொன்னார். பாதி நாக்கால் வந்த சொற்கள் உடைந்து உடைந்து விழுந்தன. சபை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. வேர்வை துளிர்க்க இரண்டாவது தடவை சொன்னார். எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், குற்றமாக இல்லை, முறைக்காகத்தான் கேட்டார்: "என்ன சொல்றாங்க? சபைக்கு வெளங்கணும்ல?"

சம்பந்தி அம்மா நிறுத்திவிட்டார். கண் கலங்கிவிட்டது.

"எனக்கு வெளங்குச்சு," என்றாள் அக்கா. சபையே திரும்பிப் பார்க்கிற அவளுடைய பழைய சத்தம். எழுந்து போய் அவர் முன்னால் நின்றாள். "பொண்ணு ஒங்களுக்குத்தான் சம்பந்தி. ஆனா மூணு தடவ சொல்லணும், இன்னும் ஒண்ணு இருக்கு. மெதுவாச் சொல்லுங்க. நாம ரெண்டு பேரும் எங்கயும் போகல."

சம்பந்தி அம்மா மூன்றாவது தடவையும் சொன்னார்.